ஐந்து அங்குல ஆசை

மாருதி ஜிப்ஸியின் அடியில் ஒரு முறை குனிந்து பார்த்தால் சங்கதி புரிந்துவிடும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உருண்டையான ஆக்ஸில் குழாய். அதற்குக் கீழே, வயிற்றுக்கு அடியில் கட்டிய தூளி மாதிரி, அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங். வடக்கே இதைக் கமானி என்பார்கள். இந்தக் கமானியைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே உட்காரவைத்தால் என்ன ஆகும்? குழாயின் பருமனும் ஸ்பிரிங் கட்டின் கனமும் சேர்ந்து வண்டியின் உடம்பு ஏறத்தாழ 5 அங்குலம், அதாவது 125 மி.மீ. போல உயர்ந்துவிடும். புது ஸ்பிரிங் வாங்க வேண்டாம். வெளிநாட்டு கிட் எதுவும் வேண்டாம். ஆக்ஸிலுக்கு நான்கு இரும்பு இருக்கைகளும், கை நடுங்காத ஒரு வெல்டரும் போதும் என்கிறார்கள் இந்த வித்தையில் மயங்கியவர்கள்.

போதாது. ஆனால் அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்த மயக்கத்துக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பிரிங்கை மேலே வைப்பது ஒன்றும் புதுமையல்ல. நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கே ஸ்பிரிங் கட்டு ஆக்ஸிலுக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாரம் சுமக்கிற வண்டிக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பிலும், பிறகு 1970இல் ஜப்பானில் 359 சி.சி. எஞ்சினுடன் வந்த சுஸுகி ஜிம்னியிலும் ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார்கள். குட்டி வண்டி, குறுகலான வண்டி. தரையோடு ஒட்டி இருந்தால்தான் வளைவில் கவிழாமல் திரும்பும். 1985 டிசம்பரில் இந்தியாவுக்கு ஜிப்ஸியாக வந்த எஸ்.ஜே.410ம் அந்த வழி வந்ததுதான். 970 சி.சி. எஞ்சின், நான்கு சக்கர இழுவை, ஏறத்தாழ ஒரு டன் எடை. லடாக்கிலிருந்து வடகிழக்கு வரை ராணுவம் ஓட்டிய ஜிப்ஸிகளிலும் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழேதான் இருந்தது.

கரடுமுரடான பாதையில் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கும் ஸ்பிரிங், அதை இறுக்கிப் பிடிக்கும் தகடு, யூ போல்ட்டின் மரைகள் எல்லாமே பாறையில் உரசும். சேற்றில் உழும். போல்ட்டின் முனை நசுங்கிப்போய், பிறகு ஸ்பானரே பிடிக்காது. ஸ்பிரிங்கை மேலே ஏற்றினால் இந்த உழவு வேலை நின்றுவிடுகிறது. இன்னொன்று முக்கியம்: வண்டியை உயர்த்த வேறு வழி, அதிகம் வளைந்த விறைப்பான ஸ்பிரிங் போடுவது. அப்படிப் போட்டால் வண்டி கட்டை வண்டியாகிவிடும். குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது மற்றது அந்தரத்தில் சுழலும். மேலே ஏற்றிய ஸ்பிரிங்கோ பழைய, மெத்தென்ற ஸ்பிரிங்தான். அதன் வளைந்து கொடுக்கும் குணம் மாறுவதில்லை. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பாறை ஏறுகிறவர்கள் இந்த மாற்றத்தை விரும்புவதற்கு உண்மையான காரணம் உயரத்தைவிட இதுதான்.

ஆனால் பட்டறை வாசலில் வந்து நிற்கும் பலர் கேட்பது உயரத்தைத்தான். இங்கேதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் எது? ஆக்ஸிலின் நடுவே பானை மாதிரி புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல். அது ஆக்ஸிலோடு இருக்கிறது. ஆக்ஸில் சக்கரத்தோடு இருக்கிறது. ஸ்பிரிங்கை எங்கே வைத்தாலும் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. சேஸிஸும் பம்பரும் உயரும்; செங்குத்தான மேட்டில் மூக்கு இடிக்காது. ஆனால் பாதையின் நடுவே துருத்தி நிற்கும் கல்லுக்கு அந்தப் பானைதான் முதல் பலி, முன்பு போலவே.

பானை உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் சுமார் 668 மி.மீ. அந்த இடத்தில் 31 அங்குல டயர் போட்டால் விட்டம் 787 மி.மீ. ஆகிறது. பாதி வித்தியாசம், அதாவது 60 மி.மீ., டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் உயரம். கம்பெனி கணக்கில் 210 மி.மீ. ஆக இருந்த தரை இடைவெளி 270 ஆகும். ஆக, 125 மி.மீ. தூக்கியதெல்லாம் இந்த 60 மி.மீ. டயருக்கு மட்கார்டில் இடம் பண்ணிக் கொடுக்கத்தான். அந்த டயரும் இலவசமாக வருவதில்லை. சக்கரம் 18 சதவிகிதம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும். பிரேக் முன்பைவிடப் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். முன் ஆக்ஸிலுக்குள் சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் பந்து மூட்டு இந்தப் பாரத்துக்குப் பிறந்ததல்ல. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு முன் சக்கரத்துக்கு இழுவை கிடையாது.

சரி, தூக்கியாகிவிட்டது. இனி வரிசையாகப் பாக்கிகள் வரும்.

முதல் பாக்கி ஸ்டீயரிங். ஸ்டீயரிங் பெட்டி சேஸிஸில் இருக்கிறது. அது மேலே போய்விட்டது. திருப்ப வேண்டிய சக்கரம் கீழேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி முன்பு கிட்டத்தட்டப் படுத்திருந்தது. இப்போது ஏணி மாதிரி சாய்ந்து நிற்கிறது. படுத்திருக்கும் கம்பி மேலும் கீழும் ஆடினால் அதன் முனை பக்கவாட்டில் அதிகம் நகராது. சாய்ந்த கம்பி அப்படியல்ல. சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கம்பியின் முனை சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் அல்லது இழுக்கும். ஓட்டுநர் கையை அசைக்கவே இல்லை. வண்டி தானாகத் திரும்பும். காட்டுப் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் இது வேடிக்கை. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், எதிரே பஸ் வரும் நேரத்தில், பாலம் தொடங்கும் இடத்து மேட்டில் சக்கரம் ஏறினால் இது வேடிக்கையாக இருக்காது. தீர்வு இருக்கிறது: சக்கரப் பக்கத்துக் கையை உயரத் தூக்கி, கம்பியை மறுபடி படுக்கவைக்கும் அமைப்பு. அமெரிக்காவில் இதற்கென்று தயாராக வார்ப்புப் பாகங்கள் விற்கிறார்கள். நம் ஊர் பட்டறைகளில் சிலசமயம் செய்யப்படுவது பழைய கம்பியையே சூடேற்றி வளைப்பது. ஸ்டீயரிங் கம்பியைச் சூடேற்றி வளைத்த கை எதுவானாலும், அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது பாக்கியைக் கண்ணால் பார்க்க முடியாது. சக்கரம் முன்னோக்கி உருளும்போது ஆக்ஸில் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஸ்பிரிங் மட்டும்தான். டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள தூரம்தான் இந்த முறுக்கின் நெம்புகோல். கம்பெனி டயரோடு ஸ்பிரிங் கீழே இருக்கும்போது இந்தத் தூரம் ஏறத்தாழ 270 மி.மீ. ஸ்பிரிங் மேலே போனால் 400க்குப் பக்கம். 31 அங்குல டயரும் போட்டால் இன்னும் 60 கூடும். அதே பட்டைகள் இப்போது ஒன்றரை மடங்குக்கும் மேலான முறுக்கைத் தாங்க வேண்டும். அவை தாங்குவதில்லை, எஸ் வடிவத்தில் நெளிகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் பின் சக்கரங்கள் தத்தித் தத்திக் குதிக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் உடையும். அவசர பிரேக்கில் முன் ஸ்பிரிங்கும் இதே போல நெளியும். இதற்கு ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு முட்டுக்கம்பி கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: இரண்டு முனையையும் விறைப்பாகக் கட்டினால் ஸ்பிரிங்கின் ஆட்டமே நின்றுபோகும்; ஒரு முனை ஷாக்கிளில் ஊசலாட வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஷாக் அப்சார்பர் நான்கும் நீளமாக வேண்டும். பிரேக் ஹோஸ் நீளமாக வேண்டும். பழைய ஹோஸ் நின்ற நிலையில் எட்டுவது போலத் தோன்றும், பள்ளத்தில் ஆக்ஸில் முழுதாக இறங்கும்போது அறுந்துகொள்ளும். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியே தொங்குகிறது. அதிலிருந்து முன்னும் பின்னும் போகும் ஷாஃப்ட்கள் இப்போது செங்குத்தாக இறங்குவதால் அவற்றையும் நீட்ட வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பர், ஆக்ஸிலின் மூச்சுக் குழாய் என்று பட்டியல் போகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட நுட்பமான இடம் அந்த நான்கு இரும்பு இருக்கைகள். அவற்றை எந்தக் கோணத்தில் பற்றவைப்பது? பின் ஆக்ஸிலில் பினியன் மூக்கின் கோணம் டிரான்ஸ்ஃபர் கேஸின் கோணத்தோடு இணையாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் அதிரும். முன் ஆக்ஸிலில் கதை வேறு. ஷாஃப்ட்டுக்குச் சௌகரியமாக மூக்கை மேலே தூக்கினால், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணமான காஸ்டர் கோணம் குறைந்துபோகும். வண்டி சாலையில் அலையத் தொடங்கும். காஸ்டரைக் காப்பாற்றினால் ஷாஃப்ட் வருந்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் கண்டுபிடித்து, ஆக்ஸிலை ஜாக்கியில் வைத்து, கோணமானியால் அளந்து, முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகு மறுபடி அளந்து, சரியாக இருந்தால் மட்டுமே முழு வெல்டிங் செய்ய வேண்டும். அதையும் ஒரே மூச்சில் இழுக்கக்கூடாது. குழாய் சூட்டில் வளைந்தால் உள்ளே சுழலும் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் சீலும் பேரிங்கும் போய்விடும். சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றி. கண்ணளவிலேயே வேலையை முடித்து, மாலையில் சாவியைக் கொடுத்துவிடும் பட்டறைக்கு இந்தப் பொறுமை இருக்குமா என்பதை வாடிக்கையாளர்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கடைசிப் பாக்கி ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பட்டறையும் தீர்க்க முடியாது.

ஜிப்ஸி இந்தியாவில் அறிமுகமான அதே சமயத்தில் அதன் குட்டைச் சகோதரன் சாமுராய் என்ற பெயரில் அமெரிக்கா போனது. 1988இல் அங்குள்ள நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், திடீர்த் திருப்பங்களில் வண்டி கவிழப் பார்க்கிறது என்று சொல்லி, 'ஏற்கத்தக்கதல்ல' என்று முத்திரை குத்தியது. வண்டியைத் திரும்பப் பெற வைக்க வேண்டும் என்ற மனுவை அந்த ஆண்டே அரசின் பாதுகாப்பு அமைப்பு நிராகரித்தது என்றாலும், விற்பனை சரிந்தது. 1995இல் சாமுராய் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. அடுத்த ஆண்டு சுஸுகி வழக்குப் போட்டது. சோதனையே ஜோடிக்கப்பட்டது என்றது கம்பெனி; இல்லை என்றது பத்திரிகை. 'சுலபமாக' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியும் சண்டை நடந்தது. 2004இல் சமரசம். யார் பக்கம் நியாயம் என்பது இன்றும் ரசிகர்களின் வாக்குவாதம். கவனிக்க வேண்டியது வேறு: இத்தனை ஆண்டு வழக்காடியதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் நின்ற வண்டியைப் பற்றி. ஐந்து அங்குலம் தூக்கிய வண்டியைப் பற்றியல்ல.

இந்தியாவில் மாருதி 1993இல் ஜிப்ஸியின் சக்கர இடைவெளியை 90 மி.மீ. அகலப்படுத்தியது. முன் சக்கரங்களுக்கு நடுவே 1,300 மி.மீ. ஆனது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கும் டயரும் துளியும் அமுங்காது என்று வைத்துக்கொண்டால், பழைய குறுகலான வண்டி 45 டிகிரி சாய்வில் கவிழும். அகலப்படுத்தியது 47 டிகிரி வரை தாங்கும். இப்போது ஸ்பிரிங்கை மேலே ஏற்றுவோம். ஆக்ஸிலும் சக்கரமும் கீழேயே நிற்பதால் ஈர்ப்பு மையம் முழு 125 உயராது. 100 என்று கொள்ளலாம். கவிழும் சாய்வு 43 டிகிரிக்கு இறங்குகிறது. பெரிய டயரையும் சேர்த்தால் 40 டிகிரிக்குப் பக்கம். கம்பெனி அகலம் கூட்டிக் கொடுத்த பாதுகாப்பைவிட அதிகமாகப் பட்டறை எடுத்துக்கொண்டுவிட்டது. உண்மை வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும், டயர் நசுங்கும், மேலே கூரைக் கம்பியில் யாரோ சாமான் கட்டியிருப்பார்கள். எண்கள் இன்னும் இறங்கும்.

பாறையில் ஊர்ந்து போகும்போது இந்தச் சில டிகிரிகளை ஓட்டுநர் உணர்வார், நிறுத்துவார், பின்வாங்குவார். ஆபத்து வீடு திரும்பும் வழியில்தான். சேறு கழுவிய வண்டி, களைத்துப்போன ஓட்டுநர், இருட்டு, குறுக்கே பாயும் மாடு. ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடி நேராக்கும் அந்த ஒரு விநாடியில்தான் உயர்ந்த வண்டி தன் குணத்தைக் காட்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் சுற்றி வளைப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்து, மாற்றங்களுக்கு இடம் கொடுத்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். செக்போஸ்டில் பிடிபடுவதுகூடப் பெரிதல்ல. விபத்து நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கும் நாள்தான் பெரிது.

அப்படியானால் இந்த வித்தைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடந்துவரும் ரெயின் ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகளில் சாதாரண ஜிப்ஸி முதல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே வண்டிக்குள் இரும்புக் கூண்டு இருக்கிறது, நான்கு முனைப் பெல்ட் இருக்கிறது, மூக்கில் வின்ச் இருக்கிறது; வேகம் பெரும்பாலும் நடைவேகம். லாரியில் ஏறி வந்து, லாரியிலேயே திரும்பிப் போகும் வண்டிக்கு நெடுஞ்சாலை வளைவைப் பற்றிக் கவலையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப் பாதையில் ஏறி, மற்ற நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் ஜிப்ஸிக்கு நல்ல டயர், தேய்ந்துபோன பட்டைகளுக்குப் பதில் புதுப் பட்டைகள், டிஃபரன்ஷியலுக்கு அடியில் கனமான ஒரு தகடு இவை போதும். ராணுவம் இவ்வளவுகூட இல்லாமல்தான் மலையேறியது.

ஜிப்ஸி பொதுமக்களுக்கு விற்கப்படுவது 2018-19இல் முடிந்துபோனது. 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் இருப்பது சுருள் ஸ்பிரிங்; அதில் கீழே, மேலே என்ற பேச்சே எழாது. எனவே இந்த மாற்றத்தைத் தேடுகிறவர்கள் எல்லோரும் இனி பழைய வண்டிச் சந்தைக்குத்தான் போக வேண்டும். மாற்றத்தைத் தேடாதவர்களும் அங்கே அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் ஆசையாகத் தூக்கிய வண்டி, ஆசை தீர்ந்ததும் ஸ்பிரிங்கைக் கீழே இறக்கி, பெயிண்ட் அடித்து, 'கம்பெனி கண்டிஷன்' என்று விற்பனைக்கு வரும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டார்ச்சோடு கீழே படுத்து ஆக்ஸில் குழாயின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை அங்கே ஸ்பிரிங்குக்கு இருக்கை எதையும் வைப்பதில்லை. கிரைண்டர் ஓடிய தழும்போ, வெல்டிங் மேடோ, குழாயின் அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்டோ தட்டுப்பட்டால் அது போய் வந்த வண்டி. கீழே உள்ள இருக்கையையும் பார்க்க வேண்டும்: தூக்கும்போது தரை இடைவெளிக்காக அதை அறுத்து எறிந்துவிடுவது வழக்கம், திரும்ப இறக்கும்போது ஏதோ ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். பிறகு ஸ்டீயரிங் கம்பி. அதில் எங்காவது நீலம் பாய்ந்த சூட்டுத் தடம் இருந்தால் விலை பேசாமல் எழுந்துவிடலாம்.